சோலோ (தனியாகப் பறக்கும்) மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்?

மேகலை_விடி:

எல்லோருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல் பக்கம். இப்போது மகாராஷ்டிரத்தில், விதர்பா பகுதியில் சிபிஎல்லுக்கு, அதாவது கமர்ஷியல் பைலட் உரிமத்துக்குப் பறந்துகொண்டிருக்கிறேன். விமானம் செஸ்னா 172. இதுவரை மொத்தம் 96 மணி நேரம், அதில் பிஐசி (விமானத்துக்கு நானே பொறுப்பாகப் பறந்தது) 38.

போன மூன்று வாரத்தில் சோலோவில் மட்டும் 14 மணி நேரம் ஏற்றிவிட்டேன். எல்லாமே ஒரே மாதிரிதான். காலை ஆறரைக்குக் கிளம்புவேன், 40 நாட்டிகல் மைல் தள்ளி இருக்கிற அணைக்குப் போவேன், ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்புவேன். அந்த நேரத்தில் காற்று இருக்காது, ரேடியோவிலும் கூட்டம் இருக்காது. லாக்புக்கில் 1.2, 1.3 என்று ஏறிக்கொண்டே போனதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

நேற்று செக் சார்ட்டிக்கு (திறமையைச் சோதிக்கும் பறப்புக்கு) இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்டீப் டர்ன் (உயரம் மாறாமல் நன்றாகச் சாய்ந்து திரும்புவது) போடச் சொன்னார். இடப்பக்கம் போட்டேன், 250 அடி இறங்கிவிட்டது. வலப்பக்கம் போட்டேன், விமானம் பக்கவாட்டில் வழுக்குவதைக் காட்டும் கருவியின் பந்து ஓரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. கால் பெடலால் அதை நடுவில் வைத்திருக்க வேண்டும், நான் அதைப் பார்க்கவே இல்லை. அவர் திட்டவில்லை. "கால் எப்போதிலிருந்து தூங்குகிறது?" என்று மட்டும் கேட்டார். 20 மணி நேரம் பறந்தபோது எனக்குச் சரியாக வந்த விஷயம் இது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த 14 மணி நேரத்துக்கு அப்பா கட்டிய பணத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிஐசியில் இன்னும் 62 மணி நேரம் பாக்கி இருக்கிறது. அதையும் இப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் தனியாகப் போகும்போது என்ன செய்கிறீர்கள்? ஏறுவதற்கு முன்னால் என்ன முடிவு செய்கிறீர்கள்? பெரியவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

கழுகுமலை_88:

தங்கச்சி, முதலில் கணக்கைப் பார்த்துவிடு. சிபிஎல்லுக்கு டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) கேட்பது 200 மணி நேரம். அதில் 100 பிஐசி. அந்த 100-க்குள் 20 மணி நேரமாவது கிராஸ் கன்ட்ரி (வேறு ஊருக்கு வழி பார்த்துப் பறப்பது), அதிலும் ஒன்று 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாமல், வழியில் வேறு இரண்டு ஏரோட்ரோமில் இறங்கி நின்று கிளம்பியதாக இருக்க வேண்டும். ராத்திரிப் பறப்பு 5 மணி நேரம், 10 டேக்-ஆஃப், 10 லேண்டிங். விண்ணப்பிக்கிற நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் பிஐசி 15 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதே. சீக்கிரமே எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் தேர்வுத் தாளுக்காகக் காத்திருந்து, கடைசியில் இதில் மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மொத்தப் பயிற்சியில் சரிபாதி பிஐசி. அதனால் நீ இந்தக் கேள்வியை 38-லேயே கேட்டது நல்லது. நான் கேட்டபோது எனக்கு 85 ஆகியிருந்தது.

வலது_இருக்கை:

நான் ஒன்பது வருடமாக இன்ஸ்ட்ரக்டர். மேகலை, உங்களுக்கு நடந்தது நிறையப் பேருக்கு நடக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. டூயலில் (இன்ஸ்ட்ரக்டரோடு பறக்கும்போது) பந்து கால்வாசி நகர்ந்தாலே பக்கத்தில் இருப்பவர் "ரட்டர்" (கால் பெடல் திருப்பும் வால் சுக்கான்) என்று சொல்லிவிடுவார். சோலோவில் சொல்ல ஆள் இல்லை. தப்பு செய்தாலும் விமானம் பறக்கத்தான் செய்யும். 172 ரொம்பப் பொறுமையான விமானம், பந்து வெளியே கிடந்தாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அப்படிப் பத்து மணி நேரம் போனால் அந்தத் தப்பு கைப்பழக்கமாகிவிடும். அப்புறம் அதை எடுக்க எனக்கு நான்கு டூயல் தேவைப்படும்.

என் மாணவர்களுக்கு நான் வைத்திருப்பது ஒரே விதி. ஒரு சார்ட்டிக்கு ஒரு வேலை. தரையில் இருக்கும்போதே அதைச் சின்ன அட்டையில் எழுதி, தொடையில் கட்டும் நீபோர்டில் செருகிவிட வேண்டும். "இன்று பிராக்டிஸ்" என்று எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். "நான்கு ஸ்டீப் டர்ன், இரண்டு பக்கமும், 100 அடிக்குள்" என்று எழுதினால் போடுவேன்.

சர்க்யூட்டுக்கு (ரன்வேயைச் சுற்றி வந்து இறங்குவதற்கு) ஒரு உதாரணம் சொல்கிறேன். "நல்லா லேண்ட் பண்ணணும்" என்பதை எப்படி அளப்பீர்கள்? ரன்வே நடுக்கோட்டைப் பாருங்கள். ஒரு வெள்ளைப் பட்டையும் ஒரு இடைவெளியும் சேர்ந்தால் 50-லிருந்து 75 மீட்டர் இருக்கும். ஃபைனலுக்கு (ரன்வேக்கு நேரான கடைசிப் பகுதிக்கு) திரும்பும் முன்பே "ரன்வே நம்பரைத் தாண்டி இரண்டாவது பட்டையில் சக்கரம் பட வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான்காவது பட்டையில் பட்டால் 100 மீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருக்கிறீர்கள். லேண்டிங் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அது தப்பிய லேண்டிங்தான். ஆறு சர்க்யூட்டுக்கு ஆறு எண்ணை எழுதி வாருங்கள். அந்த எண்களை வைத்துத்தான் நாம் பேச முடியும்.

சோலோவில் விமானமும் கொஞ்சம் மாறிவிடும். பக்கத்தில் இருந்த எழுபது, எண்பது கிலோ இல்லை. அதனால் சீக்கிரம் ஏறும். கிராஸ்விண்டில் (கிளம்பியதும் ரன்வேக்குக் குறுக்கே போகும் பகுதியில்) திரும்பும்போதே ஆயிரம் அடி வந்திருக்கும், நீங்கள் லெவல் ஆக மறந்தால் 1150-ல் நிற்பீர்கள். இறங்கும்போது அதே வேகத்தில் வந்தாலும் கூடுதலாக மிதக்கும். அதற்கு மேல் பயத்தில் ஐந்து நாட் (மணிக்கு ஐந்து நாட்டிகல் மைல்) சேர்த்து வந்தால் பட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதையே ஒரு சார்ட்டியின் வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஏறியதும் காலியான வலது இருக்கையின் பெல்ட்டை இழுத்துப் பூட்டிவிடுங்கள். தளர்ந்து கிடக்கும் பெல்ட் கன்ட்ரோலில் சிக்கினால் எடுத்துவிட அங்கே கை இல்லை.

ஒவ்வொரு சர்க்யூட் சார்ட்டியிலும் ஒரு கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி ஏறிப் போவது) கட்டாயம். எந்தச் சுற்றில் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். அந்தச் சுற்றில் அப்ரோச் எவ்வளவு அழகாக வந்தாலும் சரி, முழு பவர், ஃபிளாப் (இறக்கையின் பின்னோரத் தகடு) 20 டிகிரிக்கு, வேகம், ஏற்றம், அப்புறம் மீதி ஃபிளாப். உண்மையிலேயே தேவைப்படும் நாளில் கை யோசிக்காமல் போக வேண்டும் என்றால், தேவைப்படாத நாளில் ஐம்பது முறை செய்திருக்க வேண்டும்.

சிறகு_மதுரை:

சார் சொல்வதெல்லாம் சரி, மறுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் மார்க் போட்டால் தனியாகப் பறப்பதில் இருக்கிற சந்தோஷம் போய்விடும். என் முதல் சோலோ கிராஸ் கன்ட்ரியில் கீழே நெல் வயலில் தண்ணீர் நின்றது. சூரியன் ஒவ்வொரு வயலாக என்னோடு தாவிக்கொண்டே வந்தது. அன்றைக்கு ஹெடிங் (மூக்கு நோக்கும் திசை) 10 டிகிரி தப்பியிருக்கலாம். அதற்காக அந்த நாளை வீண் என்று என்னால் சொல்ல முடியாது. பைலட் ஆக வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டதே அதற்காகத்தானே?

வலது_இருக்கை:

சிறகு, இதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். என் மாணவர்களின் அட்டையில் கடைசி வரி காலியாக இருக்கும். திரும்பி வரும்போது பத்து நிமிடம் அவர்களுடையது. உயரம் மாறாமல் தானாகப் போகும்படி டிரிம் செய்துவிட்டு வெளியே பார்க்கலாம், பாடலாம். விமானத்தோடு மனசு ஒட்டாதவர்களுக்கு நான் எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் நிற்பதில்லை. ஆனால் பத்து நிமிடம்தான். மேகலையின் 14 மணி நேரமும் அந்தப் பத்து நிமிடமாகவே போயிருக்கிறது.

பறக்கும்_செட்டிநாடு:

நான் 2014-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில், ஃபோர்ட் பியர்ஸில் பயிற்சி எடுத்தேன். அங்கே கணக்கு வேறு. தனியார் உரிமத்துக்கு (சொந்தத் தேவைக்குப் பறக்கும் உரிமம்) அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ கேட்பது குறைந்தது 40 மணி நேரம், அதில் சோலோ 10 தான். அந்தப் பத்தில் ஐந்து கிராஸ் கன்ட்ரி, அதில் ஒன்று 150 நாட்டிகல் மைல், மூன்று இடத்தில் இறங்க வேண்டும். பத்தே மணி நேரம் என்பதால் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செலவழித்தோம். நூறு இருப்பவர்களுக்குத்தான் கை தாராளமாகிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

அளவுகோல் வேண்டும் என்றால் தேர்வாளர் பயன்படுத்துவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷார்ட் ஃபீல்ட் லேண்டிங்கில் (நீளம் குறைந்த ரன்வேயில் இறங்கும் முறையில்) சொன்ன புள்ளிக்கு முன்னால் படக் கூடாது. தனியார் உரிமத்துக்கு அதைத் தாண்டி 200 அடிக்குள், கமர்ஷியலுக்கு 100 அடிக்குள் பட வேண்டும். நான் தனியார் உரிமத்துக்குப் பறக்கும்போதே கமர்ஷியல் அளவை வைத்துக்கொண்டேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஜூலை மாதம். மத்தியானம் செப்ரிங் என்கிற ஊர் வரைக்கும் சோலோ. ஃபுளோரிடாவில் அந்த நேரத்தில் இரண்டு பக்கக் கடலிலிருந்தும் காற்று உள்ளே வரும், நடுவில் மோதும், இரண்டு மணிக்குள் இடிமேகம் எழும்பும். நான் கிளம்பும்போது பஞ்சு மாதிரிச் சின்ன மேகங்கள்தான். 20 மைல் போனதும் மேற்கே ஒன்று காலிஃபிளவர் மாதிரி உயர்ந்துகொண்டே போனது. அடிப்பக்கம் கறுத்திருந்தது. "திரும்பலாமா" என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று போனேன். 30 மைலில் திரும்பினேன். லாக்புக்கில் 0.9. கிராஸ் கன்ட்ரி கணக்கில் வராது, பணம் போனது போனதுதான்.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். இன்ஸ்ட்ரக்டர் பாராட்டினார், அப்புறம் கேட்டார்: "திரும்பணும்னு எப்ப தோணுச்சு, எப்ப திரும்பின?" கணக்குப் போட்டுப் பார்த்தால் நடுவில் ஆறு நிமிடம். "அந்த ஆறு நிமிஷம் மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னு எழுதிட்டு வா" என்றார். ஒரு பக்கம் எழுதினேன். பணம், வெட்கம், கூட இருந்த பையன் முந்தின நாள் முடித்துவிட்டான் என்கிற எரிச்சல். வானிலை பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.

டூயலில் இந்தப் பாடம் கிடைக்கவே கிடைக்காது. பக்கத்தில் அவர் இருந்திருந்தால் முடிவு அவருடையதாகத்தான் இருந்திருக்கும். இப்போது ஏர்பஸ்ஸில் வலது பக்கம் உட்கார்ந்து மழை நாளில் அப்ரோச் வரும்போதெல்லாம் அன்றைக்கு எழுதிய அந்த ஒரு பக்கம் எனக்கு ஞாபகம் வருகிறது.

இரத்மலானை_காற்று:

நான் யாழ்ப்பாணம், பயிற்சி எடுத்தது கொழும்புக்குப் பக்கத்தில், இரத்மலானையில். நேவிகேஷன் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். மேகலை ஒரே அணைக்குப் போய் வந்த மாதிரி நாங்கள் கரையோரமாகத் தெற்கே கொக்கலைக்குப் போவோம். போகும்போது கடல் வலது பக்கம், வரும்போது இடது பக்கம். அவ்வளவுதான். வரைபடத்தை விரிக்கவே தேவையில்லை. நானும் நாலைந்து தரம் அப்படிப் போய் வந்துவிட்டு நேவிகேஷன் வருகுது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு, திரும்பும் வழியை உள்நாட்டுப் பக்கமாக மாற்றினேன். கீழே எல்லாம் ஒரே பச்சை. இறப்பர், தென்னை, சின்னச் சின்னக் குளம், எல்லா வீதியும் ஒன்று போலவே. பன்னிரண்டாவது நிமிடத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கடல் மேற்கே இருக்கிறது என்று தெரியும், அதனால் பயம் இல்லை. ஆனால் எனக்கு நேவிகேஷன் தெரியாது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு சோலோவிலும் ஒரு டைவர்ஷன் செய்தேன். பாதி வழியில், "இப்ப இந்த இடத்துக்குத் திரும்ப வேணும்" என்று வரைபடத்தில் ஒரு இடத்தில் விரலை வைப்பேன். ஹெடிங் கண்ணால் மதிப்பிடுவது, தூரம் பெருவிரலால் அளப்பது. தரைவேகம் 90 நாட் என்றால் நிமிடத்துக்கு ஒன்றரை மைல், 24 மைலுக்கு 16 நிமிடம். எழுதி, நேரத்தைக் குறித்து, திரும்பிப் பறந்து பார்ப்பது. அனுமதி கிடைத்த பகுதிக்குள்ளேயே இதைச் செய்யலாம், இறங்க வேண்டியதில்லை. வரைபடம் காட்டும் டேப்லெட்டை அணைத்துப் பின் இருக்கையில் வைத்துவிடுங்கள். மடியில் இருந்தால் கண் தானாகப் போகும்.

மேகலை_விடி:

எல்லோருக்கும் நன்றி, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். வலது_இருக்கை சார், ஒரு கேள்வி. ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) தனியாகப் போய்ப் பழகலாமா? என் பேட்ச்சில் ஒருவர் ஸ்பின் (ஸ்டாலிலிருந்து சுழன்று விழுவது) கூடத் தனியாகச் செய்ததாகச் சொல்கிறார்.

வலது_இருக்கை:

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன்.

சோலோ என்பது தெரிந்ததைக் கூர்மையாக்க. தெரியாததைக் கண்டுபிடிக்க அது இடமில்லை. உங்கள் இன்ஸ்ட்ரக்டர் காட்டி, நீங்கள் அவர் முன்னால் சரியாகச் செய்து, "இதைத் தனியாகச் செய்யலாம்" என்று அவர் அனுமதித்த பயிற்சி மட்டும்தான் தனியாக. ஸ்டால் அந்தப் பட்டியலில் இருந்தால், தரையிலிருந்து 3000 அடிக்குக் குறையாமல், ஹாசெல் செக் (உயரம், பெல்ட், இன்ஜின், இடம் எல்லாம் சரிபார்க்கும் பட்டியல்) முழுசாக முடித்து, இரண்டு பக்கமும் திரும்பிக் கீழே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பந்து நடுவில் இருக்கட்டும். உங்கள் கால் இப்போது தூங்குகிறது என்பது தெரிந்துவிட்டதால், அதைச் சரிசெய்யும் வரைக்கும் ஸ்டால் பக்கம் தனியாகப் போகாதீர்கள் என்பதுதான் என் பதில். பந்து வெளியே இருக்கும்போது ஸ்டால் ஆனால் ஒரு இறக்கை முதலில் விழும், பயத்தில் எய்லரானை (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகட்டை) திருப்பினால் இன்னும் மோசமாகும். ஸ்பின்னுக்கு அதுதான் வாசல்.

அந்தப் பேட்ச் நண்பர் செய்தது உண்மை என்றால், தயவுசெய்து அவரோடு பேசுங்கள். சொல்லிக்கொடுப்பதாக நினைத்தாலும் பரவாயில்லை. உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

தென்காசி_டேக்ஆஃப்:

இன்னொரு விஷயம், யாரும் சொல்லவில்லை என்பதால். இறங்கியதும் என்ன செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். நான் இன்ஜினை அணைத்து, எல்லா சுவிட்சும் பார்த்த பிறகு, கதவைத் திறக்கும் முன் மூன்று வரி எழுதிவிடுவேன். கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு எழுதினால் நடந்தது வேறு, ஞாபகம் வேறு. நண்பர்களிடம் கதையாக ஒரு தரம் சொல்லிவிட்டால் அப்புறம் நமக்கே அந்தக் கதைதான் நினைவிருக்கும். போன் ஜிபிஎஸ் பதிவும் உதவும். டவுன்விண்ட் (சர்க்யூட்டில் ரன்வேக்கு இணையான பகுதி) நேராகப் பறந்தேன் என்று சத்தியம் செய்வேன், கோட்டைப் பார்த்தால் ரன்வேயை நோக்கி வளைந்துகொண்டே வந்திருக்கும்.

மேகலை_விடி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இதுவரை எட்டு சோலோ, 9.4 மணி நேரம்.

ஸ்டீப் டர்ன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டு ஒரு டூயல் எடுத்தேன். நான் இடது பக்கம் உட்கார்ந்திருப்பதால், இடப்பக்கம் சாயும்போது மூக்கு உயர்ந்த மாதிரிக் கண்ணுக்குத் தெரிகிறது. அதை நம்பி நான் மூக்கைக் கீழே அழுத்திவிடுகிறேன், உயரம் போய்விடுகிறது. வலப்பக்கம் அதற்கு நேர் எதிர். சார் என் கண்ணுக்கு நேர் எதிரே கவுலிங்கில் (இன்ஜின் மூடியில்) ஒரு ஸ்க்ரூவைக் காட்டி, அடிவானத்தை அதோடு வைத்துப் பார்க்கச் சொன்னார். அப்புறம் மூன்று சோலோவில் இது மட்டும்தான் வேலை. இடப்பக்கம் 180 அடி, 120, 130, 80. கடைசி நாள் 60. வலப்பக்கம் உயரம் நின்றது, பந்துக்குத்தான் நாள் ஆனது. வெறும் காலோடு போட முடியாதா என்று கூடத் தோன்றியது, ஷூ அடிப்பகுதி அவ்வளவு தடிமன். ஷூவை மாற்றிவிட்டேன், மெல்லிய அடிப்பகுதியில் பெடல் தெரிகிறது.

பள்ளியில் கேட்டு ஆறரை மணி ஸ்லாட்டை ஒரு நாள் ஒன்பதரைக்கு மாற்றிக்கொண்டேன். சோலோ வரம்புக்குள்தான், இடப்பக்கமிருந்து 7 நாட் கிராஸ்விண்ட் (பக்கக் காற்று). ஆறு சர்க்யூட். இரண்டாவது பட்டைதான் குறி. முதல் லேண்டிங் நான்கில், அடுத்தது நான்கில், மூன்றாவது முன்பே முடிவு செய்த கோ-அரவுண்ட், நான்காவது மூன்றில், ஐந்தாவது இரண்டில். ஆறாவதில் ஃபிளேரின்போது (தரை தொடும் முன் மூக்கைத் தூக்கும்போது) மூக்கு இடப்பக்கம் திரும்பியே இருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை, திரும்பவும் கோ-அரவுண்ட் போய்விட்டேன். அது அட்டையில் எழுதாதது. கை தானாகப் போனது. ஏழாவது சுற்றில் இறங்கினேன்.

நேவிகேஷனும் செய்தேன், டேப்லெட் பின்னால். அதே அணைக்குத்தான், வேறு பக்கத்திலிருந்து வந்தேன். 30 மைல் வந்ததும் பார்த்தால் வரைபடத்தில் அகலமான நீலம் இருக்கிற இடத்தில் கீழே பழுப்புச் சேறுதான் இருக்கிறது. ஏப்ரல் மாதம், தண்ணீர் வற்றிப் போய் நடுவில் ஒரு மெல்லிய கோடு. வேறு இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று வயிற்றைப் பிசைந்தது. பதினோரு தரம் பார்த்த அணை! இரண்டு நிமிடம் ஹெடிங்கை மாற்றாமல் இருந்தேன். அப்புறம் ரயில் பாதை தெரிந்தது, அதை வைத்து அணைச் சுவரைப் பிடித்தேன். தண்ணீர் வற்றும், சுவர் அங்கேயேதானே இருக்கும். 3 மைல் வலப்பக்கம் விலகியிருந்தேன். 30 மைலுக்கு 3 மைல் என்றால் 6 டிகிரி, முன்கணிப்பில் போட்ட காற்றை விட உண்மையான காற்று அதிகம். திரும்பும்போது அதைச் சேர்த்துக்கொண்டேன், ரன்வே மூக்குக்கு நேராக வந்து நின்றது.

கடைசிப் பத்து நிமிடம் பாடினேன், சிறகு அண்ணா.

அடுத்த வாரம் 300 மைல் கிராஸ் கன்ட்ரி. அட்டையில் என்ன எழுதலாம் சார்?

வலது_இருக்கை:

ஏழாவது சுற்றைப் படித்தபோது ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

300 மைலுக்கு ஒரே வரி எழுதுங்கள்: எந்த இடத்தில், எந்த நேரத்துக்குள், எவ்வளவு பெட்ரோல் இருந்தால் மேலே போவேன், இல்லையென்றால் எங்கே திரும்புவேன். மூன்று லெக்குக்கும் தனித்தனியாக, தரையிலேயே, பேனாவில். ஒவ்வொரு ஏரோட்ரோமிலும் டேங்க்கில் டிப்ஸ்டிக்கை நீங்களே விட்டுப் பாருங்கள். போய் வந்து அந்த எண்களை இங்கே போடுங்கள்.